விஜயதசமிக் காலையில் மானிட்டர் செய்த வேலை

திருவரங்குளம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் கலைமதிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த ஜெர்மனிக் குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போய்வந்து, நல்லபடியாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நான் நலம், அப்பா நலம், மாடு கன்று நலம், நீ வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரும் இப்போதைக்கு நலம். அது என்ன இப்போதைக்கு என்று கேட்பாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று உனக்குச் சிரிப்பு வரும். போனில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு வரிக்கு வரி திருத்தம் சொல்லுவார், கடைசியில் தப்பு முழுவதும் என் தலையில் வந்து விழும். நம் தெரு சத்யா அடுத்த வாரம் அங்கே வேலைக்குத் திரும்புகிறாள், நீ கேட்ட பருப்புப்பொடியும் மோர்மிளகாயும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன், அந்தப் பைக்குள்ளேயே இதையும் வைக்கிறேன். நடந்ததை முதலில் நான் சொல்லி நீ தெரிந்துகொள், அவர் சொல்லுகிற கதையைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

மழை பரவாயில்லை, நாற்று விட்டாயிற்று. அப்பாவின் முழங்கால் வலி டாக்டரிடம் போகலாம் என்று சொன்ன உடனே சரியாகிவிடுகிறது, அப்புறம் சாயங்காலம் மறுபடியும் வந்துவிடுகிறது. விஷயத்துக்கு வருகிறேன். மஸ்கட்டில் இருக்கும் உன் சிநேகிதி பரிமளா தன் இரண்டு பிள்ளைகளுக்கும் பக்கத்து ஃபிளாட் பையனுக்கும் என்னை ஆன்லைனில் கணக்குப் பாடம் எடுக்கச் சொல்லிக் கேட்டதும், விஜயதசமி அன்று காலை டெமோ கிளாஸ் என்று நாள் குறித்ததும் உன் ஏற்பாடுதான். ஆனால் அப்போது என் மனதில் என்ன ஓடியது என்று உன்னிடம் நான் சொல்லவில்லை. புதுக்கோட்டை காலேஜில் கணக்கில் பட்டம் வாங்கிய கையோடு கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்தேன். உனக்குப் பத்தாவது வரைக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன், ஆனால் பெற்ற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதை யாரும் வேலை என்று சொல்ல மாட்டார்கள். முதல்முறையாக வேற்றுப் பிள்ளைகள் என்னிடம் படிக்க வருகிறார்கள், பெற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்கப் போகிறார்கள், அந்தப் பக்கத்து ஃபிளாட் பையனின் அம்மா சென்னையில் ஒரு டீச்சரை வேறு பார்த்து வைத்திருக்கிறாள், அந்த டீச்சருக்கும் அதே நாள் சாயங்காலம் டெமோ. நான் சொதப்பினால் அத்தோடு சரி. உன் அப்பாவோ டீக்கடையில் யார் கேட்டாலும், "அது சும்மா பொழுது போகட்டும்னு பண்ணுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேலிக்குச் சொன்னதுதான், ஆனாலும் எனக்குச் சுருக்கென்று இருந்தது. பொழுதுபோக்கு இல்லை என்று அவருக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு வீம்பு வந்துவிட்டது.

ஆயுத பூஜைக்கு முதல் நாளே வீட்டைக் கழுவி எடுத்தேன். கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்த ஒயர்களை எல்லாம் பிடுங்கி, ஈரத்துணியால் துடைத்து, ஒட்டடை எடுத்து, மறுபடி எது எங்கே இருந்ததோ அங்கே சொருகினேன். பூஜை அன்று உன் அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. டிராக்டர், பைக், அரிவாள், மண்வெட்டி, மோட்டார் ஸ்டார்ட்டர், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் என்று கண்ணில் பட்டதுக்கு எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வைப்பதென்றால் விரல் நுனியில் தொட்டு வைக்கிற ஆள் இல்லை, டிராக்டருக்கு வைத்துப் பழகிய கை, அப்பிவிடுவார். மானிட்டரிடம் வந்தபோது கண்ணாடியில் மட்டும் கை வைக்காதீர்கள், கறை பிடித்தால் போகாது, வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஓரத்தில் வையுங்கள் என்று சொன்னேன். இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் இதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் என்னோடு வாதாடினார். அன்று சாயங்காலம் ஒரு தடவை ஆன் பண்ணி எழுதுகிற பேட் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "பூசையில வச்சதக் காலையில மறுபூச போடாம எடுக்கப்படாது செவந்தி, அதும் படிப்பு சொல்லிக்குடுக்கப் போற சாமான்" என்று தடுத்துவிட்டார். அவர் சொன்னதும் முறைதானே, நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. ஒன்பது மணிக்கு ராகுகாலம் தொடங்கும் முன்னால் மறுபூஜையை முடித்துவிட வேண்டும் என்று ஒரே பரபரப்பு. நான் கம்ப்யூட்டர் சுவிட்சைப் போட்டேன், மானிட்டரில் நீல விளக்கு எரிந்தது, சூடத் தட்டை எடுக்கத் திரும்பினேன், அப்பா தன் பங்குக்குப் புதுச் சந்தனம் குழைத்து எல்லாவற்றுக்கும் இன்னொரு முறை வைத்துக்கொண்டு வந்தார். சூடம் காட்டிக் கும்பிட்டுக் கண்ணைத் திறந்தால் மானிட்டர் கருப்பாக இருக்கிறது. ஒரு மூலையில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து வந்து மினுங்கிவிட்டு அதுவும் போய்விட்டது. கிளாஸ் ராகுகாலம் கழிந்து பத்தே முக்காலுக்கு.

நீ போனில் சொல்லிச் சொல்லி எனக்குப் பழக்கியதை எல்லாம் செய்தேன். பிளக் இறுக்கமாக இருக்கிறதா பார்த்தேன், இருந்தது. பின்னால் உள்ள ஒயரைக் கழற்றி ஊதிச் சொருகினேன். அணைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டேன். கீபோர்டில் பெரிய எழுத்துக்கான பொத்தானைத் தட்டினால் குட்டி விளக்கு எரிகிறது, அணைகிறது, பெட்டிக்குள் காற்றாடி சுற்றுகிறது, ஸ்பீக்கரில் வழக்கமான மணிச் சத்தம்கூடக் கேட்டது. உயிர் இருக்கிறது, முகம்தான் காட்டமாட்டேன் என்கிறது. உன் அப்பா பின்னால் நின்றுகொண்டு, "ஈரத்துணியப் போட்டுத் தொடச்சல்ல, தண்ணி உள்ள எறங்கியிருக்கும்" என்றார். சொன்னதோடு விட்டாரா, வெயிலில் வைக்கலாம் என்றார், நனைந்த போனை அரிசிக்குள் போட்டு வைப்பார்களே, இதையும் அரிசி மூட்டைக்குள் இறக்கிப் பார்ப்போமா என்றார். கோபத்தை அடக்கிக்கொண்டு நின்றேன். ஏனென்றால் எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான், நான்தான் தண்ணீர் விட்டுக் கெடுத்துவிட்டேனோ என்று.

திருக்கோகர்ணத்தில் கடை வைத்திருக்கும் முனியசாமிக்குப் போன் போட்டேன், நம் கம்ப்யூட்டரை அவன்தானே பார்ப்பான். தம்பி, உடனே வா என்றால் அவன் பதறாமல், "டூல்ஸெல்லாம் பூசையில இருக்கு அக்கா, ராவுகாலம் முடிஞ்சுதான் எடுக்கணும், எடுத்துக்கிட்டு நேரா ஒங்க வீட்டுக்குத்தான் வாரேன்" என்கிறான். அவனைத் திட்ட முடியுமா, எங்கள் வீட்டிலேயே முந்தைய நாள் அந்தக் கூத்துதானே நடந்தது. அதுவரைக்கும் பெட்டியைத் திறந்து ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டிப் பாருங்கள் என்றான். ரேம் என்றால் ஒரு ஜாண்கூட இல்லாத பச்சைப் பட்டை, அதன் ஓரத்தில் மஞ்சளாகப் பல் வரிசை போல இருக்கிறது. அப்பா டார்ச் அடிக்க, பென்சில் அழிக்கிற ரப்பரால் பிரசவம் பார்க்கிற மாதிரி பயந்து பயந்து தேய்த்தேன். மாட்டிவிட்டுப் போட்டால் பழையபடி காற்றாடி சுற்றுகிறது, மணி அடிக்கிறது, மானிட்டர் மட்டும் கருப்பு. உன்னைக் கூப்பிடலாம் என்று உன் பெயர் வரைக்கும் விரல் போனது. அங்கே விடிந்தும் விடியாத நேரம். தூக்கம் மட்டும் காரணம் இல்லை கலை, முதல் நாளே அம்மாவால் முடியவில்லை என்று உன்னிடம் சொல்ல எனக்கு மனது வரவில்லை. போனிலேயே கிளாஸ் எடுத்துவிடு, நான் போனைப் பிடித்துக்கொள்கிறேன், நீ சுவரில் கரியால் எழுது என்று அப்பா யோசனை சொன்னார். சுண்ணாம்பு அடித்த சுவரில் கரியால் எழுதிக்கொண்டு நான் நிற்க, பட்டப்படிப்புப் படித்த டீச்சர் இவர்தானா என்று மஸ்கட்டில் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படி நான் தவித்துக்கொண்டிருக்க, ஹாலில் டிவிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் உன் அப்பா காலை நீட்டிக்கொண்டு விஜயதசமி சிறப்புப் பட்டிமன்றம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ரிமோட்டைத் தேடக்கூடப் பொறுமை இல்லை, நேரே டிவிக்குப் பின்னால் போய் பிளக்கைப் பிடுங்கக் கையை விட்டேன். அங்கே செட்டாப் பாக்ஸிலிருந்து டிவிக்கு வரும் கருப்பு ஒயர் கையில் தட்டுப்பட்டது. அதன் வாயும் நான் காலையிலிருந்து கழற்றிக் கழற்றி மாட்டிய மானிட்டர் ஒயரின் வாயும் அச்சு அசல் ஒன்று. அப்படியே நின்றுவிட்டேன். பெட்டி நன்றாக இருக்கிறது, மானிட்டர்தான் காட்டவில்லை என்றால், அந்த ஒயரை இந்த டிவியில் மாட்டினால் என்ன? இரண்டு விஷயத்தில் சந்தேகம் இருந்தால் ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை மாற்றிப் பார் என்று உனக்கு எத்தனை தடவை சொல்லிக்கொடுத்திருப்பேன், அது எனக்கே அன்று கோபத்தில்தான் உறைத்தது. "இந்தா, பட்டிமன்றம் தீர்ப்புச் சொல்லப் போறாங்க, பொறு" என்று அப்பா சொல்லச் சொல்ல ஒயரை உருவிவிட்டேன்.

பெட்டியை அவர் தூக்க, யுபிஎஸ்ஸை நான் தூக்க, மேசை, காமிரா, எழுதுகிற பேட் எல்லாம் ஹாலுக்கு வந்தது. கைக்குக் கிடைத்த வாயில் மாட்டினால் டிவியும் சிக்னல் இல்லை என்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம்தான், செட்டாப் பாக்ஸ் மாட்ட வந்த ஆள் ரிமோட்டில் சோர்ஸ் என்று ஒரு பொத்தானை அமுக்கி, எந்த வாயில் வருகிற படத்தைக் காட்ட வேண்டும் என்று டிவிக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. அமுக்கினேன், பட்டியல் வந்தது, இரண்டாவதைத் தொட்டேன். சுவர் நிறைய, கம்ப்யூட்டர் முகப்பில் வைத்திருக்கும் உன் கல்யாணப் போட்டோ வந்து நின்றது. நீயும் மாப்பிள்ளையும் ஆளுயரத்துக்கு மாலையும் கழுத்துமாகச் சிரிக்கிறீர்கள். அப்பா கையைத் தட்டினார். எனக்குத் தலை வாரக்கூட நேரம் இல்லை, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

கிளாஸ் ஆரம்பித்தபோது வணக்கத்தையே இரண்டு தடவை சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் மூன்று பேரும் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள், பின்னால் அம்மாமார்கள். தொட்டி நிரப்புகிற கணக்கு எடுத்தேன். ஒரு தொட்டியை மோட்டார் மூன்று மணி நேரத்தில் நிரப்பும், வாய்க்கால் தண்ணீர் ஆறு மணி நேரத்தில் நிரப்பும், இரண்டையும் சேர்த்துத் திறந்துவிட்டால் எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அப்போது என் பின்னாலிருந்து உன் அப்பா, "மோட்டாருன்னா மும்மொனக் கரண்டு எத்தன மணி வரைக்கும்னு மொதல்ல சொல்லணும்ல" என்று சத்தமாகக் கேட்டாரே பார்க்கலாம். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது. அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. பரிமளாவின் சின்னவள், "அது யாரு மிஸ்?" என்று கேட்கிறாள். அவர் எங்கள் வீட்டில் விவசாயம் பார்க்கிறவர், அவர் கேட்டதும் நியாயம்தான், கரண்ட் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறது, அப்புறம் வாய்க்கால் மட்டும்தான், இப்போது சொல்லுங்கள் என்றேன். அவ்வளவுதான், மூன்று பேரும் போட்டி போட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பக்கத்து ஃபிளாட் பையன் படம் போட்டுப் பார்த்து, முதல் மணியில் பாதித் தொட்டி, மீதிப் பாதிக்கு வாய்க்காலுக்கு மூன்று மணி, ஆக நாலு மணி நேரம் என்று கத்தினான். திரும்பிப் பார்த்தால் உன் அப்பாவும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். அதற்கப்புறம் நேரம் போனதே தெரியவில்லை. முடிந்த கொஞ்ச நேரத்தில் பரிமளா மெசேஜ் போட்டாள், வாராவாரம் சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாம் அம்மா, பக்கத்து ஃபிளாட் அம்மா சென்னை டீச்சரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று. கொல்லைப்பக்கம் போய் நின்று நன்றாக அழுதேன். சந்தோஷ அழுகைதான், நீ ஒன்றும் கவலைப்படாதே. நீ கூப்பிட்டபோது நல்லா நடந்துச்சு என்று மட்டும் சொன்னேன், அதற்கு மேல் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

கிளாஸ் முடிந்த பிறகுதான் மானிட்டர் பக்கம் போனேன். டிவிக்குச் சோர்ஸ் சொல்ல வேண்டியிருந்ததே, மானிட்டருக்குப் பின்னாலும் இரண்டு மூன்று வாய் இருக்கிறதே, இதற்கும் அப்படி ஒரு பொத்தான் இருக்க வேண்டும் என்று தேடினேன். வலது பக்கம் கீழ் ஓரத்தில் சட்டத்தோடு சட்டமாக, அமுக்கக்கூட வேண்டாம், தொட்டாலே வேலை செய்கிற பொத்தான்கள் இருக்கின்றன. சரியாக அதற்கு மேல் உன் அப்பா வைத்த சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமத்தோடு, இன்னும் முழுதாக ஈரம் காயாமல் உட்கார்ந்திருக்கிறது. ஆன் பண்ணியிருக்கும்போது அழுத்தி வைத்த பொட்டு, மானிட்டரை ஒயரே மாட்டாத வேறு வாயைப் பார்க்கச் சொல்லிவிட்டது. காலையில் மூலையில் மினுங்கிய எழுத்தும் அந்த வாயின் பெயர்தான். வழித்துத் துடைத்துவிட்டு, ஒயரை மாட்டித் தொட்டு மாற்றினேன், பளிச்சென்று படம் வந்தது. தண்ணீரும் இல்லை, ரேமும் இல்லை. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினால், "நீதானடி கண்ணாடியில வைக்காத, ஓரத்துல வையின்ன" என்கிறார். சொன்னது வாஸ்தவம்தான், இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். முனியசாமி மத்தியானம் பையில் சந்தனப் பொட்டோடு வந்தான், சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு, அவன் கடை மானிட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருப்பது ஞாபகம் வந்து அவசரமாகக் கிளம்பிப் போனான்.

இனி நீங்கள் பாட்டுக்கு டிவியைப் பார்த்துக்கொண்டிருங்கள், நான் எல்லாவற்றையும் ரூமுக்கே கொண்டுபோய்விடுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிப் பெட்டியைத் தூக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "இருக்கட்டும் செவந்தி, இங்கனயே இருக்கட்டும். ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டா நீ சொல்லிக்குடுக்குறது எனக்கு எப்புடித் தெரியும்" என்றார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை கலை. பண்டிகைப் பட்டிமன்றத்தை விட்டுக்கொடுக்கிற மனிதரா அவர். நேற்று உரம் வாங்குகிற விஷயமாகச் சனிக்கிழமை காலையில் ஆலங்குடிக்குக் கூப்பிட வந்தவரிடம், அன்னைக்கு எங்க வீட்டு டீச்சருக்குக் கிளாஸ் இருக்கு, மத்தியானம் வாரேன் என்று வாசலில் நின்று சொல்லி அனுப்பினார். நான் அடுப்படியில் இருந்தேன், கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். ஒரு கண்டிஷன் மட்டும் போட்டிருக்கிறேன், காமிராவுக்கு அந்தாண்டை உட்கார வேண்டும், நான் கேட்டால் ஒழிய வாய் திறக்கக் கூடாது. தலையை ஆட்டியிருக்கிறார், பார்ப்போம்.

உன் வீட்டில் எது இருண்டு போனாலும் முதலில் ஒயரைப் பார், அப்புறம் சோர்ஸைப் பார், மாப்பிள்ளை மேல் எரிந்து விழுவதைக் கடைசியாக வைத்துக்கொள். மோர்மிளகாயைக் குளிர்காலத்தில் வெளியே வைக்காதே, நமுத்துவிடும். இராத்திரி தலைக்குக் குளிக்காதே. மாப்பிள்ளை சூர்யபிரகாஷை நாங்கள் கேட்டதாகச் சொல். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக, நோய்நொடி இல்லாமல், நினைத்த காரியம் கைகூடி நிறைவாக இருக்க வேண்டும், அரங்குளநாதர் கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனை செய்து திருநீறு வைத்திருக்கிறேன், பொடிப் பொட்டலத்துக்குள் இருக்கும், பூசிக்கொள்.

முக்கியமாக ஒன்று. சனிக்கிழமை எழுந்ததும் எனக்குப் போன் போடுவாயே, இனிமேல் அந்த நேரத்தில் மட்டும் கூப்பிடாதே. நீ கூப்பிட்டால் எடுக்காமல் என்னால் இருக்க முடியாது, எடுத்தால் அங்கே பிள்ளைகள் காத்திருப்பார்கள். கிளாஸ் முடிந்ததும் நானே கூப்பிடுகிறேன்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா,
நா. செவந்தி.